அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது

கணுக்காலின் உட்புறம், எலும்பு முடிச்சுக்கு மேலே நான்கு விரல் அகலம் அளந்து அந்த அம்மாள் ஊசியைச் செருகினார். எறும்பு கடித்தாற்போல் ஒரு நொடி. பிறகு கால் லேசாகக் கனத்தது. அடுத்த காலில், மணிக்கட்டில், தொப்புளுக்குக் கீழே என்று மொத்தம் எட்டு ஊசிகள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கதவருகே நின்று சொன்னார்: "அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாதும்மா. போன் அடிச்சா அடிக்கட்டும்."

எனக்கு அப்போது 48 வயது. பட்டப்பகலில், காய்ச்சல் எதுவும் இல்லாமல், ஓர் அறையில் மல்லாந்து படுத்தது இதற்குமுன் எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்துக்கு இப்பால் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அங்கே போனதற்குக் காரணம் இரண்டு வருடத் தூக்கமின்மை. நெஞ்சுக்கு நடுவிலிருந்து ஓர் அனல் குப்பென்று கிளம்பும். கழுத்து வழியாக ஏறிக் காதுமடலில் நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். பிறகு கொட்டும் வியர்வை, அதன் பின்னாலேயே ஒரு குளிர். இரவு இரண்டரை மணிக்கு நைட்டி நனைந்து விழித்தால் விடிகிறவரை கொட்டக்கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். வீட்டில் எல்லோரும் "உடம்பு சூடு" என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இளநீர், நுங்கு எதையும் விடவில்லை. ஒரு மருத்துவரிடம் போனபோது அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். எல்லோருக்கும் வருவது என்பதற்காகவே யாருக்கும் அதைக் கேட்க நேரமில்லாமல் போகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

உடம்பு சூடு என்று நம் பாட்டிகள் சொன்னது முழுத் தவறும் இல்லை. மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் காவல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. சாதாரணமாக வெப்பம் 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடினாலும் குறைந்தாலும் அது பொருட்படுத்தாது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது அங்குள்ள ஒருவகை நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிக்கின்றன. அந்தக் காவலின் பொறுமை சுருங்கி, ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஒரு வாய் காபி, ஒரு சிறு கோபம், போர்வையின் ஒரு மடிப்பு போதும். உடம்பு தீப்பிடித்துவிட்டதாக எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை எல்லாம் திறந்துவிடுகிறது. அந்த அனல் ஒரு தவறான அபாய மணி. மணி தவறாக அடித்தாலும் ஓடி வருகிற இரத்தமும் வியர்வையும் நிஜம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47. அதற்குச் சில வருடங்கள் முன்பே இந்தத் தடுமாற்றம் ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு, இந்த அனல் நீடிக்கும் காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் என்று 2015-ல் சொன்னது. ஏழு வருடம் என்பது ஒரு குழந்தை பிறந்து இரண்டாம் வகுப்புக்குப் போகிற காலம்.

நம் உலா இலக்கியங்கள் பெண்ணின் வயதை ஏழு பருவமாகப் பிரித்தன. ஐந்து வயதுப் பேதையில் தொடங்கும் அந்த வரிசை பேரிளம்பெண்ணோடு முடிகிறது. பேரிளம்பெண்ணுக்கு இலக்கணம் சொல்லும் வயது 32 முதல் 40. அதற்குப் பிறகு பெயர் இல்லை. சீனர்களும் ஏழால்தான் எண்ணியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஹுவாங்டி நெய்ஜிங் என்ற மருத்துவ நூல் பெண்ணின் உடம்பை ஏழு ஏழு ஆண்டுகளாகக் கணக்கிடுகிறது. ஏழில் பல் மாறும், பதினான்கில் பூப்பு, 35-ல் முகம் வாடத் தொடங்கும். ஏழேழு 49-ல் உதிரம் நிற்கும். நிற்பதையும் ஒரு படியாக எண்ணி, அந்தப் படியிலும் ஒரு பெண் நிற்கிறாள் என்று எழுதிவைத்த கணக்கு அது. 1938-ல் டாக்டர் கோட்னிஸ் உட்படச் சீனா சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவரான பி. கே. பாசு, பின்னாளில் மீண்டும் அங்கே போய் அக்குபங்சர் என்ற அந்தச் சீன ஊசி வைத்தியத்தைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நான்கு விரல் அகலம் என்ற அளவு அப்படித்தான் என் கணுக்கால்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நாலாவது வாரம் தொடர்ந்து மூன்று இரவு தூங்கினேன். தூங்கி எழுந்த தெளிவில், எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன்.

2016-ல் அமெரிக்காவின் வடகரோலினாவில் ஓர் ஆய்வு வெளியானது. 45 முதல் 60 வயதுவரையுள்ள 209 பெண்கள். ஆறு மாதத்துக்குள் அதிகபட்சம் 20 முறை அக்குபங்சர் செய்துகொண்டவர்களுக்கு அனல் வருவது சுமார் 37 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லாமல் காத்திருந்தவர்களுக்கு 6 சதவீதம் கூடியது. ஆக, நாளானால் தானே சரியாகிவிடும் என்பது மட்டும் இதற்கு விளக்கமாகாது. படித்தபோது மனம் நிறைந்தது.

அதே 2016-ல் மெல்போர்னிலிருந்து வந்த ஆய்வு அந்த நிறைவைக் கலைத்தது. 327 பெண்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்குத் தோலைத் தொட்டுவிட்டு உள்ளே இறங்காத மொட்டை ஊசி. எட்டு வாரத்தில் பத்து முறை. முடிவில் இரு பக்கமும் அனல் ஏறக்குறைய 40 சதவீதம் தணிந்திருந்தது. ஆறு மாதம் கழித்தும் அப்படியே நின்றது. நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஊசி இறங்குவதில் விசேஷம் இல்லை என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் தந்த வழிகாட்டுதலிலும் அக்குபங்சருக்குப் பரிந்துரை இல்லை.

'வித்தியாசம் இல்லை' என்ற வரியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த 40 சதவீதத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை. மொட்டை ஊசி வைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் சராசரியாக அனல் உண்மையாகவே தணிந்திருக்கிறது. அவர்கள் உடம்பில் எதுவும் இறங்கவில்லை என்றால், எது இறங்கியது?

பாஸ்டனில் டெட் காப்சக்கும் அவருடைய குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தக் கேள்விக்கு மிக அருகில் போகிறது. அது குடல் உபாதைக்கானது. மாதவிடாய் நிற்பதோடு நேரடித் தொடர்பு இல்லை. 262 பேர். முதல் மூன்று வாரம் யாருக்கும் நிஜ ஊசி கிடையாது. ஒரு பிரிவினர் வெறுமனே காத்திருந்தார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் தேவலை என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் சிகிச்சையாளர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் போலி ஊசி வைத்தார், 44 சதவீதம். மூன்றாவது பிரிவினரோடு முதல் நாள் 45 நிமிடம் உட்கார்ந்து, எப்போதிருந்து வலி, வலியால் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டுவிட்டு அதே போலி ஊசியை வைத்தார், 62 சதவீதம். இந்த மூன்று எண்களை என் அடுப்படி நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனாலும், கேட்பதுதான் மருந்து என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. என் விஷயத்தில் அந்த அம்மாள் அதிகம் பேசியதே கிடையாது. நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், "நேத்து ராத்திரி எத்தனை தடவை?" என்பார். அவ்வளவுதான். பிறகு கதவைச் சாத்திவிடுவார். எனக்குள் ஏதோ அவிழ்ந்தது அதற்குப் பிறகுதான், தனியாகக் கிடந்த அந்த அரை மணி நேரத்தில். கணுக்காலில் ஊசி இருக்கும்போது எழுந்து போய்ப் பால் பொங்குகிறதா என்று பார்க்க முடியாது. மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தர முடியாது. 'அம்மா, என் நீலச் சட்டை எங்கே?' என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. என்னைப் படுக்கையோடு சேர்த்துத் தைத்துவைக்க எட்டு ஊசி தேவைப்பட்டது. அந்த 2023 வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்ட மருந்தில்லா முறைகளில் மனோவசியச் சிகிச்சையும் ஒன்று. அங்கேயும் ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள். அங்கேயும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்ல வேண்டும். பாட்டி வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்களுக்குக் கொல்லைத் தாழ்வாரம்தான். தனித்தட்டு, தலையணையில்லாப் பாய். அது அநியாயம். அது ஒழிந்ததற்கு நான் ஒருநாளும் வருந்தமாட்டேன். ஆனால் அத்தைக்குத் தீட்டு நின்ற வருடம் நினைவிருக்கிறது. "இனி உனக்குத் தடையே இல்லை" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். வடாம் பிழிய, ஊறுகாய் போட, படையல் வைக்க, கல்யாண வீட்டில் பட்சணத்துக்கு நிற்க, மாதத்தில் முப்பது நாளும் அத்தை கிடைப்பாள். அவமானத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதுதான் என்றாலும், உடம்பின் பேரில் அவளுக்கு இருந்த ஒரே விடுப்பு அது. அது நின்றபோது அதற்கு ஈடாக வேறொன்றை யாரும் தரவில்லை. அந்த வருடங்களில்தான் அத்தைக்கு அடிக்கடி முகம் சிவந்துபோகும். அடுப்பு வெக்கை என்று நினைத்துக்கொண்டோம்.

இதைப் படித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்புகிறவர்களிடம் சிலவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அனலைத் தணிப்பதில் ஹார்மோன் சிகிச்சைக்கு ஈடு இன்னும் இல்லை. 2002-ல் அந்தச் சிகிச்சையைச் சோதித்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து அதன்மேல் ஒரு பயம் படிந்துவிட்டது. 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குகிற, வேறு தடையில்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம் என்று இப்போது மருத்துவ உலகம் சொல்கிறது. எலும்பு தேய்வதை ஊசி தடுக்காது. ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் மகளிர் நோய் மருத்துவரிடம்தான் போக வேண்டும். விரலால் தொட்டே குணமாக்குவோம் என்கிற இடங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. தொடுவதில் கெடுதல் இல்லை. சர்க்கரை மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு முறையோடு நான் நிறுத்திக்கொண்டேன். அனல் இன்னும் வருகிறது, முன்புபோல இல்லை. மதியம் இரண்டு முதல் இரண்டரை வரை கதவைச் சாத்திக்கொள்கிறேன். முதல் வாரம் மூன்று முறை தட்டினார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவோடு மொட்டைமாடியில் படுத்திருந்தேன். அம்மாவுக்கு 79 வயது. எனக்கு அனல் ஏறியது. எழுந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டேன். அம்மாவும் விழித்திருந்தாள்.

"அம்மா, உனக்கு நின்னப்போ எப்படி இருந்தது?"

வெகுநேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இதையெல்லாம் யாருடி கேட்டா?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நடுராத்திரி கிணத்தடிக்குப் போயிடுவேன். துவைக்கிற கல்லு சில்லுனு இருக்கும். முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்துப்பேன். யாராவது எழுந்து வர்ற சத்தம் கேட்டா வாளியைக் கையில எடுத்துப்பேன்."

"எத்தனை நாள்?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"வாளியில தண்ணி இருக்குமா?"

"தண்ணி எதுக்கு? கையில ஏதாவது இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."