கை இங்கே, கல்பு எங்கே?

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் காத்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் மெஷினில் வேலை செய்பவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், நேற்று இஷாவில் மூன்று ரக்அத் தொழுதேனா, நான்கா என்று தெரியவில்லை. முந்தாநாளும் அப்படித்தான். ஆனால் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றாலும் எத்தனை பீஸ் அடித்தேன் என்று சரியாகச் சொல்லிவிடுவேன். அப்படியானால் நான் தொழுவது தொழுகைதானா?"

அவர் கேட்டது அவருடைய கேள்வி மட்டுமல்ல. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் எனக்கும் அதே கேள்விதான். கை கட்டி நிற்கிறோம், வாய் ஓதுகிறது. கல்பு மட்டும் எங்கேயோ இருக்கிறது. ஓ.டி. கணக்கில், வீட்டு வாடகையில், நேற்று சூப்பர்வைசர் சொன்ன ஒரு சொல்லில்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நிபந்தனைகளும் கடமைகளும் நிறைவேறினால் அவருடைய கடமை நீங்கிவிடும். மனம் அலைந்தது என்பதற்காகத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. ரக்அத்தில் சந்தேகம் வந்தால் உறுதியானதை வைத்துப் பூர்த்தி செய்து, ஸஜ்தா ஸஹ்வு செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அடிக்கடி சந்தேகம் வருபவர் தம் மத்ஹபின் விவரத்தை ஆலிமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் கடமை நீங்குவது வேறு, கூலி கிடைப்பது வேறு. ஒரு மனிதர் தொழுது முடிக்கிறார், அவருக்கு எழுதப்படுவது அந்தத் தொழுகையில் பத்தில் ஒரு பங்குதான். இன்னொருவருக்கு ஒன்பதில் ஒன்று, வேறொருவருக்கு நான்கில் ஒன்று, மற்றொருவருக்குப் பாதி என்ற கருத்தில் அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஹாஜர் போட்டுவிட்டோம். ஆனால் எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை பார்த்தோம்? சம்பளம் அதற்குத்தானே!

இதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். மனம் அலைவது தொழுகையாளிக்கு மட்டும் வரும் சோதனை. இகாமத் முடிந்ததும் ஷைத்தான் வந்து, அதை நினை, இதை நினை என்று நாம் மறந்திருந்ததையெல்லாம் நினைவுபடுத்துகிறான். கடைசியில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே தெரியாமல் போகிறது. இதை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

அவர்களுக்கே மறதி நேர்ந்திருக்கிறது. ஒரு நாள் லுஹரோ அஸரோ, நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ரும் உமரும் (ரலி) அந்த ஜமாஅத்தில் இருந்தார்கள். பேசத் தயங்கினார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர்தான் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். பெருமானார் (ஸல்) கோபப்படவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மீதியைத் தொழுது, ஸஹ்வுடைய ஸஜ்தா செய்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. மனம் ஒரு நொடிகூட அசையக் கூடாது என்று மார்க்கம் கேட்கவில்லை. அசைந்தது தெரிந்ததும் திரும்பி வரச் சொல்கிறது. இறையச்சம் உள்ளவர்களை ஷைத்தானின் ஊசலாட்டம் தீண்டினால் உடனே நினைவு கொள்வார்கள், அப்போதே அவர்களுக்குப் பார்வை திறந்துவிடும் என்ற கருத்தில் அல்அஃராஃப் அத்தியாயம் பேசுகிறது. தக்வாதாரிகளுக்கு ஊசலாட்டமே வராது என்று அல்லாஹ் சொல்லவில்லை. வந்தால் அவர்கள் திரும்பிவிடுவார்கள் என்கிறான். தொழுகையில் பத்து முறை மனம் ஓடி, பத்து முறையும் அதைப் பிடித்து இழுத்து வந்தீர்களா? அந்தப் பத்து இழுப்பும் இபாதத்தான்.

சரி, அந்தச் சகோதரருடைய கேள்வியின் அடுத்த பாதிக்கு வருவோம். மெஷின் முன்னால் கவனம் எப்படி வருகிறது?

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருப்பது கீழே இறங்கும். ஏன் அப்படி? ஒரு கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. அங்கே கவனம் தப்பினால் விரல் போகும் என்று நமக்குத் தெரியும். ரோலிங் மில்லில் சிவந்த கம்பி வரும் பாதையில் யாராவது செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? நிற்க மாட்டார். நமக்குக் கவனிக்கும் சக்தி இல்லை என்று சொல்ல முடியாது. எதை இழப்போம் என்று தெரிகிற இடத்தில் கவனம் தானாக வருகிறது. தொழுகையில் இழப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. விரல் போனால் ரத்தம் வரும். கல்பு போனால் ரத்தம் வராது. அதுதான் ஆபத்து.

இன்னொன்றும் தொழிலாளர்களுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவன் பயந்து பயந்து வேலை செய்வான். பழகிய கைதான் ஏமாறும். தொழுகையும் அப்படித்தான். இருபது வருடமாகத் தொழுகிறவருக்கு ஃபாத்திஹா தானாக வாயில் ஓடுகிறது. அந்தப் பழக்கமே அவரைத் தூங்கவைத்துவிடுகிறது. இதற்குத்தான் கஃப்லத் என்று பெயர்.

இப்போது பல கம்பெனிகளில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று வகுப்பு எடுக்கிறார்கள். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, இந்த நொடியில் இரு என்கிறார்கள். பௌத்தர்களின் தியானப் பழக்கத்திலிருந்து எடுத்து, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்பவர் நோயாளிகளின் மன அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய பயிற்சி பிறகு உலகமெங்கும் பரவியது. அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதால் ஒருவருக்குப் படபடப்பு குறைகிறது என்றால் அதைப் பழிக்க நமக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு முஃமின் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கவனமாக இருந்தால் போதுமா? பூட்டை உடைக்கிறவனும் கவனமாகத்தான் இருக்கிறான். எடையில் குறைக்கிறவன் தராசு முள்ளை யாரைவிடவும் உன்னிப்பாகப் பார்க்கிறான். அப்படியென்றால் கவனம் மட்டும் நன்மை ஆகிவிடாது. யாருடைய சமூகத்தில் கவனமாக இருக்கிறோம் என்பதில்தான் நன்மை இருக்கிறது.

அதனால்தான் நம் முன்னோர்கள் இதற்கு முராகபா என்று பெயர் வைத்தார்கள். அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று அர்ரகீப், கண்காணிப்பவன். இஹ்ஸான் என்றால் என்ன என்று ஜிப்ரீல் (அலை) கேட்டபோது, அல்லாஹ்வை நீ பார்ப்பதுபோல் வணங்குவது, நீ பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்ற பொருளில் பெருமானார் (ஸல்) பதிலளித்தார்கள். ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனி நூலே ஒதுக்கினார்கள்.

சிலர் இதைக் கம்பெனியில் மாட்டியிருக்கும் கேமரா போல நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, சகோதரர்களே! கேமரா நீங்கள் உட்கார்ந்ததை மட்டும் பார்க்கும். ஏன் உட்கார்ந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அல்லாஹ் உங்கள் முதுகுவலியையும் பார்க்கிறான், ஊரில் இருக்கும் தாயை நினைத்து நீங்கள் விழுங்கிய கண்ணீரையும் பார்க்கிறான். அந்தப் பார்வையின் கீழ் நிற்பது பயம் மட்டுமல்ல, ஆறுதலும்கூட.

இங்கே களைப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து, காலை ஆறு மணிக்குக் கண் எரிய வெளியே வருகிறவரிடம் உள்ளச்சம் இல்லை என்று குற்றம் சொல்வது எளிது. நம் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. தொழும்போது தூக்கம் மேலிட்டால் தூங்கி எழட்டும், பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தன்னையே திட்டிவிடக் கூடும் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. இரவின் உபரியான தொழுகைகளுக்கு இது பொருந்தும். பர்ளை அதன் நேரத்துக்குள் தொழுதுவிட வேண்டும். உணவு வைக்கப்பட்டுத் தொழுகைக்கும் நேரமானால் முதலில் சாப்பிடச் சொன்னதும் நாயகம்தான் (ஸல்). பசியும் தூக்கமும் கல்பைக் கலைக்கும் என்று மார்க்கத்துக்குத் தெரியும்.

ஆகவே ஆட்களை வேலை வாங்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு பட்டறை வைத்திருப்பவர்கள், கான்ட்ராக்டில் ஆள் அனுப்புபவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. நம் நபியோ, உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய சுமையை வைக்காதீர்கள், வைத்தால் நீங்களும் கைகொடுங்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் உழைக்கிற பிள்ளைக்கு ஓய்வைப் பறித்துவிட்டு, நாம் மட்டும் முதல் ஸஃப்பில் உள்ளச்சத்தோடு நின்றால் அதை அல்லாஹ் எப்படிப் பார்ப்பான்? யோசியுங்கள்.

இனி, எங்கிருந்து தொடங்குவது?

நம் மாவட்டத்திலேயே பழவேற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள பழைய பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கும் நிழல் கடிகாரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அஸர் நேரம் தெரிய வேண்டுமானால் ஒருவர் நின்று நிழலைப் பார்க்க வேண்டும். நண்பகல் நிழல் நீங்கலாக, பொருளின் அளவுக்கு நிழல் நீண்டால் ஷாஃபி மத்ஹபில் அஸர், இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபில் அஸர். தொழுகைக்கு முன்பே அவர்கள் வானத்தையும் மண்ணையும் ஒருமுறை கவனித்துவிட்டார்கள். நமக்குச் செல்போன் பாங்கு சொல்கிறது, அதே செல்போன் அடுத்த நொடியே வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. நிழலைப் பார்க்க நின்ற அந்த ஒரு நிமிடத்தை நாம் வேறு விதமாக மீட்டுக்கொள்ள வேண்டும். மூன்று இடம் சொல்கிறேன்.

முதல் இடம், உளூ. குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே கழுவாதீர்கள். கழுவும் உறுப்பிலிருந்து தண்ணீரோடு பாவங்களும் வெளியேறுவதாக ஹதீஸ் இருக்கிறது. கையில் தண்ணீர் படும்போது, இந்தக் கை இன்று என்ன செய்தது என்று ஒரு நொடி நினையுங்கள். கிரீஸ் படிந்த கையாக இருந்தாலும் ஹலாலான கை என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

இரண்டாவது இடம், முதல் தக்பீர். தொழுகையில் கல்பு இருந்தே ஆக வேண்டிய மிகக் குறைந்த இடம் இதுதான் என்று சட்ட அறிஞர்கள் வைத்ததை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள். ஓடி வந்து கையை உயர்த்தாதீர்கள். ஒரு மூச்சு நில்லுங்கள். யார் முன்னால் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டு பிறகு கையை உயர்த்துங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். கோடுகள் போட்ட ஓர் ஆடை தொழுகையில் தம் கவனத்தை இழுத்தது என்று நாயகம் (ஸல்) அதைக் கழற்றி அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பி, சாதாரண ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். அவர்களே கவனத்தை இழுப்பதைத் தள்ளி வைத்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்!

மூன்றாவது இடம் பள்ளிவாசலில் இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ மின்சார ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிறீர்கள். கதவுக்கு முன்னால் ஒரு மூச்சு நில்லுங்கள். போனைப் பையில் போடுங்கள். ஸலாம் சொல்லி உள்ளே போய், முதலில் ஓடி வரும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நம் கவனம் மனைவி மக்களுக்கும் நாம் கொடுக்க வேண்டிய ஹக்கு. தொழுகையில் உள்ளச்சம் வந்ததா என்பது வீட்டுக்குள் எப்படி நுழைகிறோம் என்பதில் தெரிந்துவிடும்.

மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது நாம் அறிந்த ஹதீஸ். ஏதாவது ஒன்றை அடுத்த ஜும்ஆ வரை பிடித்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும்போது, இன்று செய்தேனா என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் இஸ்திஃபார் செய்துவிட்டுத் தூங்குங்கள். நாளைக்கு மறுபடியும் தொடங்கலாம்.

அந்தச் சகோதரருக்கும் முதல் தக்பீரை மட்டும்தான் சொல்லி அனுப்பினேன். போன வாரம் பார்த்தேன். "ஹஜ்ரத், ரக்அத் இன்னும் சில நேரம் குழம்புகிறது. ஆனால் குழம்புகிறது என்பது இப்போது எனக்கு உடனே தெரிகிறது" என்றார். அல்ஹம்துலில்லாஹ். திரும்பி வரும் வழி அவருக்குத் தெரிந்துவிட்டது.

வல்ல அல்லாஹ் நம் தொழுகைகளை உயிருள்ள தொழுகைகளாக ஆக்குவானாக! உழைக்கும் நம் கைகளை ஆபத்துகளிலிருந்து காப்பானாக! நம் கல்புகளை அவனுடைய நினைவின் பக்கம் திருப்புவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.