யாருடைய ஆட்டம்?

'காசு போட்டவன்தானே சொந்தக்காரன்? புடிக்கலன்னா போக வேண்டியதுதான்.' டீக்கடையில் கால்பந்து பற்றிப் பேசும்போது நண்பரொருவர் சொன்னார். அப்படிப் போனவர்களின் கதையையே அவருக்குச் சொன்னேன்.

2005இல் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கைப்பற்றியது. கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே விடிந்தது. பொறுக்காத ரசிகர்கள் வெளியேறி 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்ற சொந்த அணியைத் தொடங்கினார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. ஆடுகிறவர்கள் பலர் வேறு வேலையும் பார்க்கிறவர்கள். முதல் மூன்று ஆண்டும் வரிசையாக மேல்படிக்கு ஏறினார்கள். 2010இல் எஃப்.ஏ. கோப்பையில் ராச்டேல் அணியை 3-2 என வீழ்த்தினார்கள். 2015இல் மாஸ்டனில் சொந்த மைதானம் எழுந்தது. 2016இல் உள்ளுக்குள்ளேயே சண்டை. உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுப் புதிய நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் ஒரு படி கீழிறங்கினார்கள்.

'பாத்தியா, கடைசில தோத்துட்டாங்க' என்றார்.

ஆமாம், தோற்றார்கள். ஏன் தோற்றோம் என்று கேட்க அவர்களுக்கு ஒரு கூட்டமிருக்கிறது, கையில் ஓட்டிருக்கிறது. பழைய கிளப்பை விட்டுப்போனது துரோகமா? நேசிக்கிறவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். அது இல்லாத இடத்தில் நாம வெறும் டிக்கெட் வாங்குற ஆளுங்கதான்.