கறுப்பாக இருந்தாலும்...

திருவொற்றியூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதை படிப்பதில் அவருக்குள்ள ஈடுபாடு, கதை எழுதுகிற எனக்கே சில சமயம் கூச்சத்தை உண்டாக்கிவிடும். கடற்கரையை ஒட்டிய சிறு வீடு. ஒரு நாள் மாலை அங்கே போயிருந்தபோது நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நண்பரின் தாயார் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் விடியுமுன் காசிமேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைச் சுமந்து ராயபுரத்துத் தெருக்களில் விற்றுக் குடும்பத்தை நிறுத்திய அம்மாள் அவர். திரையில் ஒரு மருமகள் பட்டுப் புடவையும் கழுத்து நிறைய நகையுமாக அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னா தம்பி, அடுப்பாண்ட நிக்கறப்ப கூட இம்மாம் நகையைப் போட்டுக்கினு நிக்குது இந்தப் பொண்ணு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் திரைக்கே திரும்பிவிட்டார். கேலியும் அவருடையதுதான், கண்ணீரும் அவருடையதுதான்.

அந்தக் கதையை நான் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் ஐந்தே நிமிஷத்தில் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று எனக்கு விளங்கிவிட்டது. சிவந்த மேனி, நீண்ட பின்னல், வகிட்டில் குங்குமம், இழுத்துப் போர்த்திய முந்தானை: இவள் உத்தமி. வெட்டிய கூந்தல், கையில்லாத ரவிக்கை, உதட்டுச் சாயம்: இவள் குடி கெடுக்க வந்தவள். இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனாளே ஒருத்தி, அவள் கறுப்பு.

நண்பரின் மகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம், மாமா?”

வரன் பார்ப்பதற்காக ஸ்டூடியோவில் எடுத்த படம். கண்ணும் மூக்கும் அவளுடையவைதாம். நிறம் மட்டும் யாருடையதோ! யாரும் கேட்காமலே படக்காரர் அவளை வெள்ளையாக்கிக் கொடுத்திருந்தார்.

“அது கெடக்குது, தம்பி. மாப்ள வூட்டுக்காரங்க மொதல்ல படத்தைத்தானே பாப்பாங்க? கொஞ்சம் வெள்ளையா இருந்தா இன்னா கொறஞ்சுபூடும்?” என்றார் பாட்டி.

“நேர்ல வந்து பாக்கறப்ப இன்னா பண்றது, ஆயா?” என்றாள் பேத்தி.

பாட்டியிடம் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். கேள்வியைத் தூக்கி என் மடியிலேயே போட்டாள்.

“உங்க கதைங்க எல்லாத்தையும் அப்பா வெச்சிருக்காரு, மாமா. நானும் படிச்சிருக்கேன். ஒரு கதையிலயாவது கதாநாயகி கறுப்பா இருக்காளா?”

‘இல்லாமல் என்ன?’ என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். மனத்துக்குள் ஒவ்வொரு கதையாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பூக்காரி கறுப்பு. ஒரு வேலைக்காரி கறுப்பு. கதாநாயகிக்காகத் தூது போகிற தோழி ஒருத்தி கறுப்பு. கதாநாயகிகளோ ஒருத்தி தவறாமல் சந்தன நிறம்; எலுமிச்சம்பழ நிறம்; தந்தத்தில் கடைந்தெடுத்த மேனி! சற்று முன் தொலைக்காட்சியைப் பார்த்து மனத்துக்குள் நகைத்தவன் நான். அதே சரக்கை அச்சில் விற்றுக்கொண்டிருந்தவனும் நானே.

ஆகவே, வாசகர்களே, இந்த வழக்கில் நான் நீதிபதியின் ஆசனத்தில் உட்காரப் போவதில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டே பேசுகிறேன்.

தோற்றத்தைக் கொண்டே குணத்தைக் காட்டுவது நாடகத்துக்குப் புதிதல்ல என்று சிலர் வாதிடலாம். தெருக்கூத்தில் துரியோதனன் முகத்துக்கு ஒரு வண்ணம், கிருஷ்ணன் முகத்துக்கு ஒரு வண்ணம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூத்தில் பூசியது வேஷம் என்று கூத்தாடுகிறவனுக்கும் தெரியும். விடிய விடியப் பார்த்தவனுக்கும் தெரியும். விடிந்ததும் அந்த வண்ணம் தண்ணீரோடு போய்விடும். துரியோதனன் முகச் சாயத்தைக் கொண்டு யாரும் தம் வீட்டுக்கு மருமகனைத் தேர்ந்தெடுத்ததில்லை. தொலைக்காட்சித் தொடரோ, ‘இது வேஷம்’ என்று சொல்வதில்லை. ‘இது உன் பக்கத்து வீடு, இது உன் குடும்பம்’ என்று சொல்லிக்கொண்டு நாள்தோறும் குறித்த நேரத்தில் நம் கூடத்துக்குள் வருகிறது. 1999-இல் ‘சித்தி’யும், 2002-இல் ‘மெட்டி ஒலி’யும், 2003-இல் ‘கோலங்க’ளும் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் இராச் சாப்பாட்டு நேரத்தையே இந்தத் தொடர்கள்தாம் நிர்ணயித்து வந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கண்டு பழகிய முகம் வெறும் முகமாக நிற்பதில்லை, அளவுகோலாகிவிடுகிறது.

இந்த அளவுகோல் ஆண்களுக்கு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் கறுப்பு என்று தமிழ்நாடு ஒதுக்கவில்லை. ‘நம்மைப் போல ஒருவர்’ என்று தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆணின் கறுப்பில் உழைப்பையும் வீரத்தையும் கண்ட அதே கண்களுக்கு, பெண்ணின் கறுப்பில் வரதட்சிணைக் கணக்குத்தான் தெரிந்தது.

‘காலம் மாறிவிட்டது. கறுப்புப் பெண்களும் கதாநாயகிகளாக வந்துவிட்டார்களே!’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். விஜய் தொலைக்காட்சியில் 2019-இல் ‘பாரதி கண்ணம்மா’ வந்தது. நிறத்தைக் காரணம் காட்டி மாமியார் வெறுக்கிற பெண் அதன் நாயகி. சன் தொலைக்காட்சியில் 2021-இல் ‘சுந்தரி’ வந்தது. அதில் கலெக்டராக வேண்டுமென்று கனவு காணும் கிராமத்துப் பெண், கறுப்பு என்பதனாலேயே கணவனால் புறக்கணிக்கப்படுகிறாள். சுந்தரியாக நடித்த கேப்ரியல்லா செல்லஸ் உண்மையிலேயே மாநிறத்துக்கும் கறுத்தவர். அவரைப் போன்ற ஒருவர் ஒரு தொடரின் நடு நாயகமாக நின்றதில், அவரைப் பார்த்துத் தலை நிமிர்ந்த பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் உறுத்தல் வேறொன்று. இந்தக் கதைகளில் கறுப்பு என்பது ஒரு பிரச்னை. வெள்ளையான பெண்ணுக்குக் காதல் வரலாம், கோபம் வரலாம், சொத்து வழக்கு வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். கறுப்பான பெண்ணுக்கோ கறுப்பே கதை. அவள் அவமானப்பட வேண்டும், பொறுக்க வேண்டும், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நல்லவளாக இருக்க வேண்டும், கடைசியில் பெரிய பதவியில் உட்கார்ந்து காட்ட வேண்டும். அப்போதுதான் நாம் அவளை மன்னிக்கிறோம். எந்தக் குற்றத்துக்காக மன்னிக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை.

வடக்கே ஒரு தொடர் இதை இன்னும் வெளிப்படையாகவே செய்தது. 2009-இல் தொடங்கிய ‘லாகி துஜ்சே லகன்’ என்ற இந்தித் தொடரில் நாயகியின் பெயர் நகுஷா. ‘வேண்டாதவள்’ என்பது அதன் பொருள். ஆண்களின் கண்ணில் படாதிருக்கவே அவள் முகத்தில் கருமை பூசப்பட்டிருக்கிறது. கழுவிவிட்டால் அடியில் வெண்ணிற அழகி! கறுப்பு என்பது ஒரு மூடி, உண்மையான அழகு அதற்கு அடியில் இருக்கிறது என்ற எண்ணத்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? கழுவினாலும் போகாத கறுப்பு உள்ளவள் இதைப் பார்த்துவிட்டு எங்கே போவாள்?

நம் வீடுகளில் புழங்கும் வாக்கியம் ஒன்றை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். ‘பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், பாராட்டாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, அநியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ‘வெள்ளையாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கறுப்பு நாயகியின் பேரில் இரக்கப்பட்டு எழுதப்பட்ட நெடுந்தொடர்கள் எல்லாம் அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லை நூற்றுக்கணக்கான பகுதிகளாக நீட்டியவைதாம். இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் குறையே இல்லாத இடத்தில் இரக்கம் காட்டினால், அந்த இரக்கமே அங்கே ஒரு குறையை உண்டாக்கி வைத்துவிடுகிறது.

இந்த ‘இருந்தாலும்’ தமிழுக்கு என்றும் உரியதாக இருந்ததா? சங்கப் பாடல்களில் தலைவியை ‘மாயோள்’ என்று அழைக்கிறார்கள். கரிய நிறத்தவள் என்று பொருள். மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகின் உச்சியில் வைத்துப் பாடினார்கள். அதைவிட வியப்பு: தலைவனைப் பிரிந்தவள் உடம்பில் படர்கிற வெளிறிய நிறத்துக்குப் பசலை என்று பெயர் வைத்து, அதை நோயாகவே கருதினார்கள். குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் பாட்டொன்றில், தன் மாமை அழகைப் பசலை தின்கிறதே என்று ஒரு பெண் வருந்துகிறாள். திருக்குறளில் பசப்புக்கென்றே தனி அதிகாரம் உண்டு. வெளுப்பை நோயென்று கண்ட மரபிலே வந்த நாம், 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பூச்சைக் கையில் வாங்கிக்கொண்டு, வெளுப்பே நலம் என்று நம்பத் தொடங்கினோம். 2014-இல் விளம்பரத் தரக் குழு, கறுத்தவர்களை ஏங்குகிறவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விதி செய்தது. 2020-இல் அந்தப் பூச்சின் பெயரிலிருந்தே ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். சொல் போனது. ஸ்டூடியோக்காரரின் கை இன்னும் போகவில்லை. என் பேனாவும்தான்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் திருவொற்றியூர்க் கோயிலுக்குள் போனேன். இந்த ஊர் அம்மனுக்கு வடிவுடையாள் என்று பெயர். வடிவு என்றால் அழகு. திரிபுரசுந்தரி என்பதிலும் சுந்தரம் இருக்கிறது. தீபாராதனையில் கருங்கல் திருமேனி எண்ணெய் மினுமினுப்போடு சுடர்விட்டது. சுற்றிலும் மீன் விற்கிறவர்கள், ஆலைத் தொழிலாளிகளின் மனைவிமார்கள், கல்லூரிப் பெண்கள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். ‘கறுப்பாக இருந்தாலும் வடிவுடையாள்’ என்று அங்கே ஒருவர் மனத்திலும் தோன்றியிருக்காது. கருவறையில் நமக்கு இயல்பாக வருகிற பார்வை, கூடத்துக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது?

வீட்டுக்கு வந்து, பாதியில் விட்டிருந்த கதையை எடுத்தேன். கதாநாயகி முதன்முதலாக வருகிற இடம். பேனா நகரவில்லை. நிறத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று எண்ணினேன். விட்டால், படிக்கிற நீங்கள் அவளைச் சிவப்பாகவே கற்பனை செய்துகொள்வீர்கள். அப்படித்தான் நான் உங்களைப் பழக்கி வைத்திருக்கிறேன். கறுப்பு என்று எழுதினாலோ, ‘ஓ, இந்தப் பெண்ணுக்கு நிறத்தால் ஏதோ துன்பம் வரப்போகிறது’ என்று காத்திருப்பீர்கள். என் கை இத்தனை நாள் செய்த பாவம் என் கையையே கட்டிப்போட்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதினேன். அவள் கறுப்பு, அழகி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எரிச்சலோடு நின்றாள் என்பது அந்த வரியின் பொருள். மேலே கதை முழுவதும் அந்தப் பஸ்ஸைப் பற்றியும், அவள் போக வேண்டிய இடத்தைப் பற்றியுமே போயிற்று. நிறத்தின் பேச்சு மறுபடி வரவேயில்லை.

சென்ற வாரம் நண்பரைச் சந்தித்தேன். ஸ்டூடியோப் படத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, கிடங்கு வாசலில் வெயிலில் நின்று தோழி எடுத்த படமொன்றை மகள் தரகரிடம் கொடுத்துவிட்டாளாம். பாட்டிக்கு இன்னும் அவளோடு சரியாகப் பேச்சில்லையாம். பிள்ளை வீட்டாரிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை. வருமோ, வராதோ! எந்தப் பதில் வந்தாலும், அது அவளைப் பார்த்துச் சொன்ன பதிலாக இருக்கும்.