கூரையின் வயது

2023 ஆகஸ்டில் ஒரு நாள், ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்சூரன்ஸ் ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது. ஃப்ளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் பாலிசியை இந்த வருஷம் கம்பெனி புதுப்பிக்கப் போவதில்லை. வீடு 2005இல் கட்டியது, கூரையும் அதே வயது, அதுதான் காரணம். வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் வருஷத்துக்கு 4,600 டாலர். 2019இல் வாங்கியபோது நாங்கள் கட்டியது 1,450.

எங்கள் வீடு என்றால், என்னுடையதும் கல்லூரி நண்பன் ஒருவனுடையதும். இரண்டு பேருமே இருப்பது டெக்ஸாஸில், டாலஸ் பக்கம். அந்த வீட்டை நான் நேரில் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. இங்கே ஐடியில் இருக்கும் நம்மாட்கள் பலர் இப்படித்தான் வேறு மாநிலத்தில் வீடு வாங்கிப் போடுகிறார்கள். வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்புவார். அதில் வாடகை, வரி, கடன், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். இன்சூரன்ஸுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம்.

அந்தக் கட்டத்தை மறக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வாடகை வீட்டுக்கு விலை போடும்போது, செலவு போகக் கையில் நிற்கும் வருஷ வருமானத்தை ஒரு சதவீதத்தால் வகுப்பார்கள். 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் 3,150 டாலர் ஏறினால் வருமானம் அவ்வளவு குறையும். அதை 0.06ஆல் வகுத்தால் 52,500. ஒரு மெயிலில் வீட்டின் மதிப்பு, கணக்குப்படி, ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் இறங்கிவிட்டது. சொந்தக் குடியிருப்புக்காக வாங்குகிறவர்கள் நிறைந்த தெருவில் விலை உடனே அப்படி விழாது, அவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. ஆனால் அவர்களுக்கும் வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்துத்தான் பல வங்கிகள் இன்சூரன்ஸையும் மாதாமாதம் பிடிக்கின்றன. தவணை கட்டுப்படியாகாதபோது அதே கணக்கு வேறு வழியில் வந்து சேரும்.

ஏன் இப்படி ஏறியது? இயன் புயல் 2022 செப்டம்பரில் ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. காப்பீட்டுக் கம்பெனிகளே தங்களைக் காப்பீடு செய்துகொள்ளும் மறுகாப்பீட்டின் விலை உலகச் சந்தையில் எகிறியது. இன்னொன்று, வழக்கு. 2019இல் அமெரிக்காவின் மொத்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஃப்ளோரிடாவின் பங்கு 8 சதவீதம், கோரிக்கை சம்பந்தமான வழக்குகளிலோ 76 சதவீதம். 2022 டிசம்பரில் சட்டத்தை மாற்றி அதற்குக் கடிவாளம் போட்டார்கள். கூரை விஷயத்திலும் அதே வருஷம் ஒரு சட்டம் வந்தது: 15 வயதுக்குக் குறைந்த கூரையை, வயதை மட்டுமே காரணம் காட்டித் தள்ளக் கூடாது. எங்கள் கூரைக்கு 18.

நண்பனுக்குப் போன் போட்டேன். அவனுக்குப் பதில் தயாராக இருந்தது. "வாடகைய ஏத்து மச்சான். 1,950 இப்ப, 2,200 ஆக்கு. வருஷத்துக்கு மூவாயிரம். முடிஞ்சிடுச்சு."

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு பெண்மணி, ஸ்கூல் போகும் மகனோடு. மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் வேலை. மூன்று வருஷத்தில் வாடகை ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. நான்தான் மெயில் எழுதினேன். கூச்சமாக இருந்ததால் நீளமாக எழுதினேன். இயன், மறுகாப்பீடு, கூரை என்று எல்லா விளக்கமும் கொடுத்து, பிரீமியத்தின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் போட்டேன். வெளிப்படையாக இருப்பது நேர்மை என்று நினைப்பு. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: இந்தக் கூடுதல் பணத்துக்கு, புயல் வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

எதுவும் கிடைக்காது. வாடகை வீட்டுக்கு உரிமையாளர் எடுக்கும் பாலிசி கட்டடத்தைக் காக்கும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் நின்றுபோன வாடகையை எனக்குத் தரும். அவருடைய கட்டில், டிவி, பையனின் லேப்டாப் எதற்கும் தராது, அவர் ஹோட்டலில் தங்கினால் அந்தச் செலவையும் தராது. அதற்கு அவர் தனியாகக் குடியிருப்பவருக்கான பாலிசி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் வெள்ளத்துக்கு அது பொதுவாகச் செல்லாது, வெள்ளத்துக்கு வேறொரு பாலிசி. இதையெல்லாம் பதிலில் எழுதும்போதுதான் நான் அவரிடம் என்ன கேட்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. என் சொத்துக்கு வரும் ஆபத்தை நான் விலைக்கு விற்கிறேன், விற்ற செலவை அவர் கட்டுகிறார்.

நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அரிசி விலை ஏறுனா ஹோட்டல்ல தோசை விலை ஏறாதா? விலைங்கிறது ஒரு தகவல்டா. ஆபத்தான எடத்துல இருந்தா காசு கூடன்னு அது சொல்லுது. அதை மறைச்சா என்ன ஆகும்னு கலிஃபோர்னியாவப் பாரு."

கலிஃபோர்னியா உதாரணம் வலுவானதுதான். அங்கே 1988இல் வாக்கெடுப்பில் வந்த 103ஆவது பிரேரணைப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் கட்டணத்தை ஏற்ற முடியாது. காட்டுத்தீ ஆபத்து கூடிக்கொண்டே போக, கட்டணம் அந்த வேகத்தில் ஏற முடியவில்லை. அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளரான ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதம், புது வீட்டு பாலிசிகள் எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. விலையைப் பிடித்து வைத்தால் சரக்கே கடையிலிருந்து போய்விடும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காப்பீடு தோசை இல்லை. அது பிறந்ததே வேறு எண்ணத்தில். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் மற்றவர்களும் 1752இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய தீக்காப்பீட்டுச் சங்கம், வீட்டுக்காரர்கள் கூடிப் பணம் போட்டு, எவன் வீடு எரிந்தாலும் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது என்ற ஏற்பாடு. எங்கள் பாட்டி ஊரில் குடிசை எரிந்தால் ஆளுக்குப் பத்துக் கீற்று கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் இதுதான். ஆனால் முப்பது வருஷம் போவதற்குள் அந்தச் சங்கத்திலேயே ஒரு கேள்வி வந்தது. வாசலில் மரம் இருக்கும் வீடுகளில் தீயணைப்பது கஷ்டம், அவற்றின் பாரத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? மரம் வைத்த வீடுகளுக்குக் காப்பீடு இல்லை என்று முடிவானது. மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784இல் தனியாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பச்சை மரம்தான் அதன் சின்னம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பகிர்ந்துகொள்வதும் பிரிப்பதும் இந்தத் தொழிலில் இரட்டைப் பிள்ளைகள். யார் வீடு எரியும் என்று யாருக்கும் தெரியாதவரை எல்லோரும் ஒரே படகு. ஜான் ராவல்ஸ் 1971இல் எழுதிய நூலில், தான் யாராகப் பிறப்போம் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகுத்தால்தான் அவை நியாயமாக இருக்கும் என்கிறார். அவருக்கு அது சிந்தனைச் சோதனை. காப்பீட்டுக்கோ அந்தத் திரை நிஜமாகவே தேவை. இன்றைக்கு விமானத்திலிருந்தும் ட்ரோனிலிருந்தும் கூரையைப் படம் எடுத்து, மாடல் ஒன்றில் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் போடும் மாடல்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மாடல் பொய் சொல்வதைவிட உண்மை சொல்வதுதான் எனக்கு அதிகம் பயம். நூறு சதவீதம் துல்லியமான மாடல் வந்துவிட்டால் காப்பீடு என்று ஒன்று மிஞ்சாது. அவரவர் வீட்டுக்கு அவரவர் உண்டியல்தான்.

சரி, அரசாங்கம் எல்லோரையும் சேர்த்துப் பகிரச் செய்தால்? ஃப்ளோரிடாவில் அதுவும் இருக்கிறது. வேறு யாரும் எடுக்காத வீடுகளுக்காக 2002இல் சிட்டிஸன்ஸ் என்ற அமைப்பை மாநில அரசு உண்டாக்கியது. 2023இல் அதன் பாலிசிகள் 14 லட்சத்தைத் தொட்டன. பெரும் புயலில் அதன் பணம் தீர்ந்தால், மாநிலத்தில் மற்ற பாலிசி வைத்திருப்பவர்கள் மேல், கார் பாலிசிக்காரர்கள் மேலும்கூட, கூடுதல் கட்டணம் போட முடியும். 2004, 2005 புயல்களின் கடனுக்காகப் போட்டதை 2015 வரை வசூலித்தார்கள். அதாவது சொந்த வீடே இல்லாத ஒருவர், தன் பழைய காருக்கான இன்சூரன்ஸில், கடற்கரை பங்களாவின் கூரைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். கீற்று இங்கே குடிசையிலிருந்து மாளிகைக்குப் போகிறது.

நண்பன் சொன்ன தகவலுக்கு வருகிறேன். விலை தகவல் என்றால் அது யாருக்கு எழுதிய தகவல்? ஏஜென்டிடம் கேட்டபோது தெளிவாகவே சொன்னார்: கூரையை மாற்றினால் பிரீமியம் 2,900 பக்கம் வரும். மாற்ற 17,000 டாலர் ஆகும். மிச்சமாவது வருஷத்துக்கு 1,700, போட்ட பணம் திரும்பப் பத்து வருஷம். "அதுக்குள்ள வித்துடுவோம், எதுக்கு?" என்றான் நண்பன். எக்ஸெல்லும் அதையே சொன்னது. கூரையை மாற்று என்று எனக்கு வந்த கடிதத்தை, கூரையில் ஓர் ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லாத ஒருவருக்கு நான் ஃபார்வர்ட் செய்தேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் அப்போது வாடகை 2,200தான் போய்க்கொண்டிருந்தது. பிரீமியம் ஏறாவிட்டாலும் எங்களால் ஏற்றியிருக்க முடியும். சந்தையில் 1,950தான் கிடைத்திருந்தால், பிரீமியம் பத்தாயிரம் ஆனாலும் ஏற்றியிருக்க முடியாது. பிரீமியம் எங்களுக்குக் கொடுத்தது ஒரு சாக்கு. என் நீளமான மெயில் அந்தச் சாக்கைத்தான் விளக்கியது. அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். இருபது வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர். "நம்ம வீட்டுக்காரரும் வீட்டு வரி ஏறிடுச்சுன்னுதாம்ப்பா சொல்லுவாரு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவர் பேரம் பேசவில்லை. இரண்டு மாதத்தில் காலி செய்தார். டெபாசிட் காசோலை அனுப்ப முகவரி கேட்டபோது வந்தது ஒரு மொபைல் ஹோம் பார்க்கின் முகவரி. பெயரில்தான் மொபைல். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய, தகட்டுச் சுவரும் லேசான கூரையும் கொண்ட வீடு. காற்றுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. வங்கிக் கடன் இல்லாத வீடாக இருந்தால் இன்சூரன்ஸ் எடு என்று வற்புறுத்தவும் ஆள் கிடையாது. அதனால் அங்கே மாதச் செலவு குறைவு. ஆபத்தின் சரியான விலை, அவரை ஒரு கான்கிரீட் சுவருக்குள்ளிருந்து கிளப்பித் தகட்டுச் சுவருக்குள் கொண்டுபோய்விட்டது. எங்கள் ஷீட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

2024 அக்டோபரில் மில்டன் புயல் டாம்பாவைக் குறிவைத்து வந்தது. ஹில்ஸ்பரோ கவுன்டியில் கடலோர மண்டலங்களோடு, எங்கே இருந்தாலும் சரி, எல்லா மொபைல் ஹோம்களையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு போட்டார்கள். நான் டாலஸில் உட்கார்ந்து புயலின் கண் நகரும் வரைபடத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டிருந்தேன். புயல் கடைசியில் கொஞ்சம் தெற்கே, சியெஸ்டா கீயில் கரையேறியது. எங்கள் வீட்டில் நாலு ஷிங்கிள் பறந்தது, அவ்வளவுதான். அவருடைய எண் இன்னும் போனில் இருந்தது. பத்திரமாக இருக்கிறீர்களா என்று டைப் செய்து, அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று யோசித்து, அனுப்பாமல் வைத்திருந்து, மறுநாள் அனுப்பினேன். சாயங்காலம் ஒரு கட்டைவிரல் வந்தது.

2025இல் கூரையை மாற்றினோம். இப்போதும் விற்கிற எண்ணம்தான், புதுக் கூரை இருந்தால் வாங்குகிறவருக்கு இன்சூரன்ஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று தரகர் சொன்னார். பிரீமியம் 3,000க்குக் கீழே இறங்கியது. இப்போது குடியிருப்பவர்களுக்கு அதைப் பற்றி நான் மெயில் எதுவும் எழுதவில்லை. வாடகை 2,200தான்.