பாரிஜாதம் யாருக்குச் சொந்தம்?

மாலையில் மொட்டவிழ்ந்து, இரவு முழுவதும் மணம் பரப்பி, பொழுது புலருமுன் உதிர்ந்துவிடும் மலர் பவளமல்லிகை. வெண்ணிற இதழும் பவள நிறக் காம்பும் கொண்ட இம்மலரையே பாரிஜாதம் என எம்மவர் போற்றுவர். சோழநாட்டுத் திருக்களரில் இதுவே தலவிருட்சம். அங்கு எழுந்தருளியுள்ள சிவபெருமானின் திருநாமமும் பாரிஜாதவனேசுவரர் என்பதாகும்.

பாரிஜாதம் என்னும் வடசொல்லுக்குக் கடலிற் பிறந்தது என்பது பொருள். தேவரும் அசுரரும் சேர்ந்து பாற்கடலைக் கடைந்தபோது இம்மரம் தோன்றியது. அதனை இந்திரன் தன் நந்தவனத்தில் வைத்துக்கொண்டான்.

நரகாசுர வதத்தின் பின் கண்ணபிரானுடன் தேவலோகம் சென்ற சத்தியபாமா அம்மரத்தை விரும்பினாள். இது இந்திராணிக்கு உரியது எனக் காவலர் தடுத்தனர். கடலிற் பிறந்த பொருள் எல்லா உலகத்தாருக்கும் பொதுவன்றோ, இந்திரன் மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம் என்று அவள் வாதிட்டதாக விஷ்ணு புராணம் கூறுகின்றது. கண்ணன் இந்திரனை வென்று மரத்தைத் துவாரகைக்குக் கொண்டுவந்தார்.

இதன்மேல் ஒரு செவிவழிக் கதையும் உண்டு. சத்தியபாமாவின் முற்றத்தில் நின்ற மரம் தன் பூக்களையெல்லாம் உருக்குமணியின் முற்றத்திலே சொரிந்ததாம். அதனைச் சத்தியபாமாவால் பொறுக்க முடியவில்லை. இந்திரனிடம் இருந்தவரை பொதுவாயிருந்த மரம், தன் முற்றத்துக்கு வந்ததும் தனக்கே உரியதாகிவிட்டது. அவள் சொன்ன நியாயம் பிழையன்று. அதைப் பிறருக்கு மட்டும் சொன்னதே பிழை.

இது துவாரகையோடு முடிந்த கதையன்று. எல்லைக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காகப் பேச்சை முறித்துக்கொண்ட சகோதரர்கள் எத்தனை பேர்! கொடியேற்றத்தன்று ஒருவர் கிழக்கு வீதியிலும் மற்றவர் மேற்கு வீதியிலும் நின்று ஒரே சுவாமியைக் கும்பிடுகின்றனர். அடுத்த வளவு மாங்கொப்பு வேலி தாண்டி வந்தால், எங்கள் பக்கம் விழும் பழம் எங்களுக்கே என்பவர், தம்முடைய கொப்பு அயலுக்குப் போனால் மரம் எவருடையதோ பழமும் அவருடையதே என்கின்றார்.

அப்படியாயின் காணிக்கு எல்லை வேண்டாமா? வேண்டும். உறுதியும் வேண்டும், வேலியும் வேண்டும். ஆனால் தனக்கு நட்டம் வரும்போதும் அதே நியாயத்தைச் சொல்பவனே நீதிமான். தான் பேசும் நியாயம் எதிர்த்தரப்புக்கும் பொருந்துமா என்று ஒருகணம் எண்ணினால் பாதி வழக்குகள் கோட்டுக்குப் போகா.

நிலத்தில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது பொது விதி. பவளமல்லிகைக்கு மட்டும் விலக்களிப்பது வழக்கம். தன்னதென்று எதனையும் பிடித்து வைக்காமல் உதிர்ந்துவிடும் மலர் அது. விடியற்காலையில் அதனைப் பொறுக்கி ஆலயத்துக்குக் கொண்டுவரும் அடியார்கள், வேலிக்கு அப்பால் விழுந்த பூவை அயலவர் பொறுக்கினால் மனமகிழ்ந்து விடட்டும். அந்தப் பூவும் எம்பெருமான் திருவடிக்கே வந்து சேரும்.