சொன்னதும் சேர்ந்ததும்

‘சொல்லிவிட்டோம்’ என்னும் சொல்லுக்கு நம் அரசு அலுவலகங்களில் தனி மதிப்பு உண்டு. அது கோப்பில் ஏறியதும் பொறுப்பு கைமாறிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. பேரிடர் நாட்களில் அச்சொல் எவ்வளவு எடை தாங்கும் என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலம் ஒன்று தோன்றி, 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்களுள் பலர் புயலின் அறிகுறி தென்படுமுன்பே நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கைப்பேசி எட்டாத நீர்ப்பரப்பு அது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. எத்தனை பேர் என்பதிலேயே அரசின் கணக்கும் கடலோரப் பங்குகளில் எடுத்த கணக்கும் பல நாட்கள் ஒத்துவரவில்லை.

பின்னர் வழக்காடல் எழுந்தது. மீனவருக்கு முன்னரே எச்சரிக்கை விடுத்தோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற அறிவிப்பு 30ஆம் நாள் நண்பகலில்தான் வந்தது என்றது கேரள அரசு. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். நம்மை அச்சுறுத்த வேண்டியதும் அதுவே. எவரும் பொய் சொல்லாமலேயே ஒரு படகுக்குச் செய்தி சேராமல் போகக்கூடும்.

இத்தகைய இடைவெளிகளை அடைப்பதற்கென்றே நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் நாகைக் கரையில் ஆழிப்பேரலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மீனவரோ, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளோ அந்நேரத்தில் ஒன்றும் அறியவில்லை. மறு ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநிலத்தில் முதலமைச்சர், மாவட்டத்தில் ஆட்சியர். ஐதராபாத்தில் 2007இல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் அமைந்தது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் தில்லியில் ஓர் அறைக்குத் தெரிந்ததை ‘அரசுக்குத் தெரியும்’ என்று கூறலாமா? ஒரு மனிதன் தன் கண் கண்டதைக் கால் அறியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. துறைகள் பலவாகப் பிரிந்திருக்கும் அரசு மட்டும் அவ்வாறு தப்பிக்கொள்கிறது.

முன்பு நம் ஊர்களில் தண்டோரா போட்டவர் ஒரு தெருமுனையோடு திரும்பியதில்லை. (அப்பணியை ஒரு சாராரின் தலையில் கட்டிய கொடுமை தனியே பேசத்தக்கது.) கடைசித் தெருவில் பறையொலி கேட்டால்தான் வேலை முடிந்தது. ஒடிசா இதனைக் கற்றுக்கொண்டது. 1999 புயலில் ஏறத்தாழ 10,000 உயிர்களை இழந்த அம்மாநிலம், 2019இல் ஃபானி புயலுக்கு முன் ஏறக்குறைய 12 இலட்சம் மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியது. உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவு. வீட்டு வாசலில் நின்று கூப்பிட ஆளும், அழைத்துச் சென்று அமர்த்தப் புகலிடமும் அங்கே முன்பே ஆயத்தமாக இருந்தன.

செவியில் விழுந்த பிறகும் போகிறவனுக்கு அரசு என்ன செய்யும் என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். ஆனால் அவனை இழுத்துச் செல்வது பெரும்பாலும் அடங்காமை அன்று, கடன். எச்சரிக்கை பொய்த்த நாளின் இழப்பை அதிகாரி தாங்குவதில்லை. வலையை மடித்து வைத்த வீடுதான் தாங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று மீண்டும் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் நேர, நம் கடற்கரைகளிலிருந்து மக்கள் விலக்கப்பட்டனர். பேரலை வரவில்லை. அதனை வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தல் எளிது. அம்முணுமுணுப்புக்கு அஞ்சி அடுத்த முறை ஓர் அதிகாரி அரை மணி நேரம் தயங்கினால் அதன் விலை என்ன?

ஒக்கிக்குப் பின்னர், ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் உருவாக்கப்பட்டு விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. கட்டுமரத்திலும் சிறு வள்ளத்திலும் செல்வோருக்கு எது வழி என்பதை மீன்வளத் துறையினர்தாம் கூறவேண்டும்.