குளிருக்கு அளவுகோல் எது?

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது பிரிட்டன் நாட்டுக் குடும்பங்களுக்கு ஆடம்பரம் அன்று. உணவைப் போல் தவிர்க்க இயலாத செலவு. குளிர் நாடுகளில் வீட்டினுள் குறைந்தது 18 செல்சியஸ் அளவு வெப்பம் இருத்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் நெறி வகுத்தது. அது பொதுவான அளவு. நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அது போதுமா? நடப்பதாலும் உழைப்பதாலும் நம் தசைகள் தரும் வெப்பம் அவருக்குக் கிட்டுவதில்லை. தண்டுவடம் முறிந்தவரின் உடலோ, அடிபட்ட இடத்திற்குக் கீழே நடுங்கவும் மறந்துவிடுகிறது. கால் விறைத்திருப்பதைப் பல வேளைகளில் அவருடைய கண்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இத்தகையோரின் எரிபொருட் செலவில் அரசு பங்கேற்பது நீதியே என்பதை மறுப்பார் சிலரே. எந்த அளவுகோலைக் கொண்டு பங்கேற்பது என்பதில்தான் சிக்கல்.

அந்நாட்டு அரசு அளந்தவற்றை நோக்குவோம். இங்கிலாந்திலும் வேல்சிலும், தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை சுழியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், குறிப்பிட்ட உதவிகள் பெறும் ஏழையர்க்கு 25 பவுண்டு கிடைக்கும். இங்கே அளக்கப்படுவது வெளிக்காற்று. மின்கட்டணத்தில் ஆண்டுக்கு 150 பவுண்டு குறைக்கும் திட்டம் வேறொன்று உண்டு. உடற்குறைக்கான உதவித்தொகை பெறுவோர் சிலரும் முன்னர் மின்நிறுவனங்களிடம் விண்ணப்பித்து இதனைப் பெற்று வந்தனர். 2022-ல் விதி திருத்தப்பட்டது. வருமானம் பார்த்து வழங்கப்படும் உதவிகளைப் பெறுவோரே தகுதியுடையோர். அவர்களிலும் ஓய்வூதிய வயதினர் சிலர் நீங்கலாக மற்றவரின் வீடு சூடாக்கக் கடினமானதா எனக் கட்டடத்தின் வகை, வயது, பரப்பு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டனர். வீட்டைப் பற்றிய நிபந்தனை 2025-ல் நீங்கிற்று. வருமான நிபந்தனை நீங்கவில்லை. காற்றை அளந்தார்கள், சுவரை அளந்தார்கள், பணப்பையை அளந்தார்கள். குளிர்வது உடல் அன்றோ?

அரசின் வாதத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. பொதுப்பணம் வரம்புடையது, வசதி படைத்த ஒருவர் மாற்றுத்திறனாளி என்பதற்காகப் பெறும் தொகை, அடுப்பெரிக்க வழியற்ற மற்றொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதாகலாம். மேலும், உடற்குறையால் வரும் கூடுதல் செலவுகளுக்கென்றே 2013 முதல் தனி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் அதற்கான மதிப்பீட்டில் கேட்கப்படும் பன்னிரண்டு செயல்களைப் பாருங்கள்: சமைத்தல், உண்ணுதல், குளித்தல், உடுத்தல், நடமாடுதல் என நீள்கிறது பட்டியல். வெதுவெதுப்பாய் இருத்தல் அவற்றுள் ஒன்றன்று.

அமர்த்தியா சென் 1979-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், எதில் சமத்துவம் என்னும் வினாவை எழுப்பினார். ஒரே அளவு பொருள் இருவருக்கு ஒரே அளவு வாழ்வைத் தருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சம்பளம் சமமாயிருக்கும் இரு அண்டை வீட்டாரில், ஒருவர் இரவில் சூடேற்றியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகலாம். மற்றவரோ மூச்சுக்கருவியை இயக்கிக்கொண்டு, அறையையும் விடியும்வரை சூடாக வைத்திருக்க வேண்டியவர். வருமான வரம்பிற்குச் சற்று மேலே சம்பாதிக்கும் மாற்றுத்திறனாளி, உழைத்த குற்றத்திற்காகவே விலக்கப்படுகிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. விலைவாசி ஏறிய 2022, 2023 ஆண்டுகளில் உடற்குறை உதவித்தொகை பெறுவோர்க்கு, வருமானம் கேளாமல், தலா 150 பவுண்டு தரப்பட்டது, பின்னர் நின்றுபோயிற்று. ஸ்காட்லாந்து 2020-ல் இன்னும் துணிந்தது. கடும் உடற்குறையால் இரவும் பகலும் பராமரிப்பு வேண்டிய பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை குளிர்கால உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. முதலாண்டில் அது 200 பவுண்டு. பெற்றோரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. இரவில் வீடு சூடாயிருக்க வேண்டிய பிள்ளை என்பதே அங்குத் தகுதி.

ஆயினும் பிள்ளைக்குப் பத்தொன்பது வயது நிறைந்தால் அத்தொகை நின்றுவிடுகிறது. முதியோருக்கான குளிர்கால உதவிக்கோ ஓய்வூதிய வயது வரவேண்டும். இடைப்பட்ட நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் தம் உடலைக் காட்டி எதையும் கேட்க முடியாது. வருமானச் சான்றைத்தான் காட்ட வேண்டும்.